வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்: சேஸிஸை எதில் செய்வது?

இரும்பு கனம், அலுமினியம் லேசு, கார்பன் ஃபைபர் அதைவிட லேசு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தொடங்கும். இதை அப்படியே நம்பிப் பொருள் வாங்கினால் பணமும் போகும், வண்டியும் முடியாது. காரணத்தை ஒரு சின்ன வகுத்தல் கணக்கே காட்டிவிடும்.

எஃகின் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பளவு, சுமார் 205 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. அலுமினியத்துக்கு 69 ஜிகாபாஸ்கல், 2,700 கிலோ. விறைப்பை அடர்த்தியால் (கன மீட்டருக்கு டன் கணக்கில்) வகுத்தால் எஃகுக்கு 26, அலுமினியத்துக்கு 25.6 என்று வருகிறது. டைட்டானியத்துக்கும் ஏறத்தாழ இதுவேதான். ஒரே எடையில் இழுத்தாலோ அழுத்தினாலோ மூன்றும் ஒரே அளவுதான் நீளும், சுருங்கும். அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? இரண்டு குழாய் சேரும் மூட்டைப் பார்த்துத்தான். அந்த மூட்டை உங்கள் கையால், உங்களிடம் இருக்கும் கருவியால் ஒழுங்காகப் போட முடியுமா என்பதுதான் கேள்வி.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும். வீட்டில் கார் கட்டுபவர்கள் அதிகம் இருக்கும் பிரிட்டனில் பலரும் முதலில் கை வைப்பது 1957-இல் வந்த லோட்டஸ் செவன் வடிவத்தில்தான். அதன் உரிமை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே வடிவத்தை மலிவாக வீட்டில் கட்டுவதற்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. முன்னால் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், இரண்டு சீட், மொத்த எடை 550 முதல் 600 கிலோ. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் அல்லது மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைக் கழற்றி எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எடுத்துக்கொள்வார்கள். சேஸிஸ் 25 மி.மீ. ஸ்கொயர் டியூபைக் கூண்டுபோல இணைத்துச் செய்த ஸ்பேஸ் ஃபிரேம். இதில் சுமார் 50 மீட்டர் குழாய் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

சாதா இரும்புக் குழாய்

25×25×1.6 ஈஆர்டபிள்யூ (தகட்டை மடித்து நீளவாக்கில் வெல்டு செய்த) மைல்டு ஸ்டீல் குழாய் மீட்டருக்கு 1.18 கிலோ. 50 மீட்டருக்கு 59 கிலோ. சுவரை 2 மி.மீ. ஆக்கினால் 72 கிலோ, 1.2 ஆக்கினால் 45 கிலோ. முதல்முறை கட்டுபவருக்கு 1.6 சரியான அளவு. வயர் தானாக ஓடிவரும் மிக் வெல்டிங் மெஷினில் 0.8 மி.மீ. வயர் போட்டு 60–70 ஆம்பியரில் ஓட்டினால் ஓட்டை விழாது, ஊடுருவலும் கிடைக்கும். 1.2-இல் கை ஒரு நொடி தயங்கினாலும் குழாய் உருகி வழிந்துவிடும்.

உருண்டைக் குழாயா, சதுரக் குழாயா என்ற கேள்விக்கும் விடை மூட்டில்தான் இருக்கிறது. உருண்டைக் குழாயின் முனையை இன்னொரு குழாயின் வளைவுக்குப் பொருந்துமாறு மீன்வாய் போலக் குடைய வேண்டும். அதற்கு ஹோல்-சா வைத்த ஜிக் வேண்டும், கோணம் மாறும்போதெல்லாம் அதைத் திருப்பி அமைக்க வேண்டும். சதுரக் குழாயை ரம்பத்தில் கோணம் வைத்து நேராக வெட்டினால் போதும். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் நிற்கும். இடைவெளியை வெல்டால் அடைக்கப் பார்ப்பதுதான் பழகாதவர்கள் கட்டிய சேஸிஸில் அதிகம் காணும் தவறு. அடைத்த இடம் அதிகம் சூடாகி, ஆறும்போது அதிகம் சுருங்கி, ஃபிரேமை ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

வேலை வரிசை எளிது, அதை மீறுவது அதைவிட எளிது. 25 மி.மீ. எம்டிஎஃப் பலகையை இரும்பு ஸ்டாண்டில் ரசமட்டம் பார்த்துப் பொருத்துங்கள். கீழ்த்தளத்தை முழு அளவில் அதன்மேல் கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் மரக்கட்டைகளை ஸ்க்ரூ அடித்துக் குழாய்களை நெருக்கி நிறுத்துங்கள். எல்லாவற்றையும் முதலில் டேக் (பிடிப்புக்கான புள்ளி வெல்டு) மட்டும் வையுங்கள், கடைசிக் குழாய் வரை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே முழு வெல்டிங். அதுவும் ஒரு மூட்டை முடித்ததும் பக்கத்து மூட்டுக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போக வேண்டும். ஒரே பக்கத்தில் வரிசையாக வெல்டு வைத்துக்கொண்டே போனால் ஃபிரேம் வாழைப்பழம் மாதிரி வளைந்து எழும்.

மிக் வெல்டிங்கின் பெரிய அபாயம், தோற்றத்தில் அது பொய் சொல்லும் என்பது. மேலே அடுக்கடுக்காக அழகாகப் படிந்திருக்கும், அடியில் குழாயோடு ஒட்டியே இருக்காது. இதை வீட்டில் கண்டுபிடிக்க நம்பகமான வழி அழித்துப் பார்ப்பது. அதே குழாயின் துண்டுகளில் 'டி' வடிவ மூட்டு ஒன்று போட்டு, வைஸில் இறுக்கி, நிற்கும் குழாயைச் சுத்தியலால் அடித்துச் சாயுங்கள். குழாய்ச் சுவர் கிழிந்து வெல்டு நின்றால் சரி. வெல்டு மொத்தமாக உரிந்து, அடியில் பளபளப்பான குழாய் தெரிந்தால், இன்னும் சேஸிஸில் கை வைக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயைத் தொடவே கூடாது. புகை நஞ்சு, வெல்டுக்குள் குமிழிகள் நிற்கும். வெல்டு வைத்த இடத்தைப் பார்வைக்காக கிரைண்டரில் மட்டமாக இழைப்பதும் வேண்டாம். தாங்கும் உலோகத்தையே தேய்த்து எடுக்கிறீர்கள்.

குரோமோலி: எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

அடுத்து வரும் ஆசை 4130 குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகு. பந்தய வண்டிகளில் இருக்கிறது, பெயரும் கம்பீரமாக இருக்கிறது. நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லையான இளகுவலிமை சாதா இரும்பில் 250 மெகாபாஸ்கல் என்றால் இதில் 435 அளவுக்கு வரும். ஆனால் யங் குணகம் அதே 205. விறைப்பு ஒரு துளியும் கூடாது.

ஒரு மீட்டர் நீளமுள்ள 25×25×1.6 குழாயை இரு முனையும் கீல் போல விட்டு அழுத்துவோம். ஆய்லர் சூத்திரப்படி சுமார் 28 கிலோநியூட்டனில் அது வில்லாக வளைந்துவிடும். சாதா இரும்பு இளகுவதற்கே 37 கிலோநியூட்டன் வேண்டும். அதாவது குழாய் தன் வலிமையின் எல்லையைத் தொடும் முன்பே வளைந்து போகிறது. குரோமோலியில் செய்தாலும் அதே 28-தான், ஏனென்றால் வளைவைத் தீர்மானிப்பது விறைப்பு, வலிமை அல்ல. அதே குழாய் அரை மீட்டர் என்றால் கதை மாறும்: வளைய 111 கிலோநியூட்டன் வேண்டும், அதற்குள் சாதா இரும்பு 37-இல் இளகிவிடும், குரோமோலி 65 வரை தாங்கும். வெல்டு செய்த முனைகள் கீலைவிடக் கெட்டியானவை, ஆகவே நிஜத்தில் எண்கள் சற்று உயரும், முடிவு மாறாது. நீளமான குழாய்க்கு குரோமோலி வீண், குட்டையான, அதிகச் சுமை ஏறும் குழாய்க்கு மட்டும் பொருள் உண்டு.

எடையைக் குறைக்க வேண்டுமானால் சுவரை மெல்லிசாக்க வேண்டும். 0.9 மி.மீ. சுவரில் மீட்டருக்கு 0.68 கிலோ, 50 மீட்டருக்கு 34 கிலோ. 25 கிலோ மிச்சம். கூடவே விறைப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில், நூற்றுக்கு நாற்பது போய்விட்டது. மேலும் 0.9 சுவரில் துரு 0.3 மி.மீ. தின்றால் மூன்றில் ஒரு பங்கு காணோம். அந்தச் சுவரில் மிக் சரிப்படாது, டிக் (டங்ஸ்டன் முனையால் உருக்கி, கம்பியைக் கையால் ஊட்டும் வெல்டிங்) வேண்டும். சாதாரணமாக இஆர்70எஸ்-2 ஃபில்லர் கம்பிதான் போடுவார்கள். குரோமோலிக்குச் சமமான கடினக் கம்பி போட்டால் மூட்டு விறைத்து விரிசல் விட வாய்ப்பு அதிகம். வெல்டு செய்த பின் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஃபேன் காற்றுக்கூடப் படக்கூடாது. மூன்று மில்லிமீட்டருக்குட்பட்ட சுவரில் தனி வெப்பப் பதம் அவசியமில்லை, தானாக ஆறினால் போதும்.

மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி மோதும் ஃபார்முலா மாணவர் போட்டியின் விதிகளும் குரோமோலிக்குத் தனி மதிப்பு கொடுப்பதில்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத்துக்கு வண்டி கொண்டுவரும் கல்லூரி அணிகளுக்கு இது தெரிந்த சங்கதி. எந்த எஃகானாலும் கணக்குக்கு ஒரே எண்கள்தான்: சாதாரணமாக 305, வெல்டு செய்த இடத்தில் 180 மெகாபாஸ்கல் இளகுவலிமை. குரோமோலி என்பதற்காக மெல்லிய சுவருக்குச் சலுகை கிடையாது.

வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கூண்டான ரோல் கேஜ் தனிக் கணக்கு. பந்தயத்துக்குப் போகும் வண்டியென்றால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியின் அடிப்படை அளவு, குளிர்நிலையில் இழுத்த தையலில்லாக் குழாய், குறைந்தது 350 மெகாபாஸ்கல் இழுவலிமை, முதுகுக்குப் பின்னுள்ள பிரதான வளையத்துக்கு 45×2.5 அல்லது 50×2.0. சேஸிஸுக்கு வாங்கிய ஈஆர்டபிள்யூ குழாயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை வளைத்து கேஜ் செய்தால் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அலுமினியம்: வெல்டிங்கா, ஒட்டலா?

மேலே சொன்ன இரும்புக் குழாய்க்கு ஈடான அலுமினியக் குழாயைத் தேடினால் 40×40×3 வருகிறது. அச்சுவாட்டில் விறைப்பு கிட்டத்தட்டச் சமம். எடை மீட்டருக்கு 1.2 கிலோ, அதாவது அதுவும் சமம். வளைவுக்கு எதிரான விறைப்பு மட்டும் இரண்டரை மடங்கு கூடும், குழாய் பருத்திருப்பதால். ஆனால் நல்ல ஸ்பேஸ் ஃபிரேமில் குழாய்கள் வளைவதில்லை, இழுபடும், அழுத்தப்படும். நீளமான குழாய் அழுத்தத்தில் வில்லாகாமல் தடுப்பதைத் தவிர அந்த இரண்டரை மடங்கு அங்கே சும்மா கிடக்கும். செவன் வடிவ வண்டியின் கால்வைக்கும் பகுதியில் மூன்று பெடலுக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது, அங்கே 40 மி.மீ. குழாய் இரு பக்கமும் 15 மி.மீ. விழுங்கும்.

மூட்டுதான் இங்கே கைவிடுகிறது. 6082-டி6 அலுமினியத்தின் 250 மெகாபாஸ்கல் வலிமை வெப்பப் பதத்தால் வந்தது. வெல்டு வைத்ததும் அந்தப் பதம் அழிந்து சுமார் 125-க்கு இறங்குகிறது. டிக் வெல்டிங்கில் இந்தப் பலவீனம் மூட்டிலிருந்து 30 மி.மீ. வரை பரவும் என்று பொறியியல் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. சஸ்பென்ஷன் சுமை வந்து இறங்கும் மூட்டு முழுவதுமே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். மறுபடி பதமேற்ற முழுச் சேஸிஸையும் 530 டிகிரி அடுப்பில் வைத்துத் தண்ணீரில் முக்க வேண்டும், அதில் அது கோணலாகும். இதுபோக, எஃகுக்கு உள்ள களைப்பு வரம்பு அலுமினியத்துக்கு இல்லை. சின்னச் சுமையானாலும் கோடிக்கணக்கான தடவை அசைந்தால் ஒருநாள் விரிசல் விடும். வெல்டு செய்த அலுமினிய ஸ்பேஸ் ஃபிரேமை வீட்டில் கட்ட வேண்டாம் என்பதற்கு இவ்வளவு போதும்.

வெல்டையே விட்டுவிட்டால் அலுமினியம் நன்றாக வேலை செய்யும். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸின் சேஸிஸ் அச்சில் பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூஷன் சட்டங்களை எபாக்ஸிப் பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோ. இதில் பசைதான் சுமையைத் தாங்குகிறது; கூடவே இருக்கும் ஸ்க்ரூக்கள் மூட்டு ஓரத்திலிருந்து உரிந்து எழாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் இதே முறையில் அலுமினியத் தகட்டை மடித்து, ஒட்டி, ரிவெட் அடித்துத் தகடே சுமை தாங்கும் தொட்டி வடிவ மோனோகாக் செய்யலாம். 1962-இல் லோட்டஸ் 25 ஃபார்முலா ஒன் வண்டி மோனோகாக்கைக் கொண்டுவந்தபோதும் தகடும் ரிவெட்டும்தான் முக்கியச் சரக்கு. தோற்கும் இடம் பரப்பைத் தயார் செய்வது. சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, ஆக்சைடு படலம் மீண்டும் தடிக்கும் முன் சீக்கிரமாக ஒட்ட வேண்டும். விரல் பட்ட இடத்தில் எண்ணெய் இருக்கும். பசை முழுவதும் பிழிந்து வெளியேறினால் மூட்டு வறண்டுவிடும், 0.2 மி.மீ. அளவுக்குப் படலம் நிற்க வேண்டும். ஒட்டிய பிறகு உள்ளே பசை பிடித்ததா என்று பார்க்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு கலவையிலும் ஒரு சோதனைத் துண்டை ஒட்டிவைத்து மறுநாள் உரித்துப் பார்ப்பது கட்டாயம். பசை பாதியாகப் பிளந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் உலோகம் சுத்தமாகத் தெரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய அனைத்தும் சந்தேகத்துக்குரியது.

தகட்டு முதுகெலும்பு

1962 லோட்டஸ் எலான் வழி இது: நடுவில் மடித்த எஃகுத் தகட்டுப் பெட்டி, முன்னும் பின்னும் கவை போலப் பிரிந்து சஸ்பென்ஷனைப் பிடிக்கும். லேசர் கட்டிங் கடைகள் தெருவுக்கு ஒன்று வந்துவிட்ட இந்தக் காலத்தில் இதற்குக் கிடைக்கும் கவனம் குறைவு என்பது எங்கள் எண்ணம். 1.5 மி.மீ. தகட்டில் 250×200 மி.மீ. பெட்டி, ஒன்றரை மீட்டர் நீளம், எடை 16 கிலோ. காதும் துளையுமாக வெட்டி வாங்கினால் தானே கோணம் பிடித்துக்கொள்ளும், தனி ஜிக் வேண்டாம்.

இனிப்புக்கடை அட்டைப்பெட்டியை மூடியோடு திருகிப் பாருங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டுத் திருகுங்கள். மேலே சொன்ன பெட்டியில் ஒரு பக்கத் தகட்டை எடுத்துவிட்டால், திருகலை எதிர்க்கும் முறுக்கு விறைப்பு வெறும் சூத்திரப்படி இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. முனைகளைக் கெட்டியாகப் பிடித்தால் அவ்வளவு மோசமாகாது, ஆனால் திசை அதுதான். கியர் நெம்புகோலுக்கு மேலே ஓட்டை, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற அடியில் திறப்பு என்று வெட்டிக்கொண்டே போனால் மூடியில்லாப் பெட்டி கைக்கு வரும். ஓட்டையைச் சுற்றிலும் விளிம்பு மடித்து 3 மி.மீ. வளையம் வெல்டு செய்யுங்கள். அடித்திறப்பை நெருக்கமான போல்ட்டுகளால் இறுகும் தகட்டால் மூடுங்கள். இதற்குப் பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு கிடையாது, அதைத் தனியாகக் கட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒட்டுப்பலகையும் கார்பனும்

மரத்தில் சேஸிஸ் என்றால் சிரிப்பு வரும். 1959-இல் ஜெம் மார்ஷும் ஃபிராங்க் காஸ்டினும் தொடங்கிய மார்கோஸ் நிறுவனம் ஒட்டுப்பலகைச் சேஸிஸில்தான் பந்தய வண்டி செய்தது. 1969-இல்தான் எஃகுக்கு மாறியது. காஸ்டின் டி ஹாவிலாண்ட் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர், மரவேலையின் நுட்பம் தெரியும். மரம் தடிமனாக இருப்பதால் பலகை நெளியாது, அதே எடை உலோகத் தகட்டைவிடப் பல மடங்கு கெட்டி. போல்ட் போடும் இடத்தில்தான் சிக்கல்: கீழே கடின மரக்கட்டையும் இரு பக்கம் உலோகத் தட்டும் வைக்காவிட்டால் துளை நீண்டுபோகும். பலகையின் வெட்டுமுனையில் எபாக்ஸி ஊறாத இடம் இருந்தால் ஈரம் நுழைந்து அழுகும். தச்சு வேலை கைவந்தவர்களுக்கு மட்டும்.

கார்பன் மோனோகாக் 1981 மெக்லாரன் எம்பி4/1 முதல் ஃபார்முலா ஒன்னில் இருக்கிறது. பிசின் ஊறிய கார்பன் துணியான பிரீபிரெக் வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர், 120 டிகிரி அடுப்பு, அதற்கு முன் அச்சு, அச்சுக்கு முன் மாதிரி. ஒரே ஒரு வண்டிக்கு இந்த வேலை கட்டுபடியாகாது. கார்பனும் அலுமினியமும் நேரே தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும், நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வேண்டும். அடிபட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள் அடுக்குகள் பிரிந்திருக்கும். இருக்கை, மட்கார்டு, மூக்கு எல்லாம் கார்பனில் செய்யுங்கள், சேஸிஸ் வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் சிலர் துருவுக்குப் பயந்து கேட்கிறார்கள். 304 வகை சாதா இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தை மெதுவாகவே கடத்தும்; வெல்டு வைத்ததும் கண்டபடி முறுக்கும். அதைவிட, குழாய்க்குள் மெழுகு பீய்ச்சுவது மலிவு.

இரும்பை எப்படிக் கெட்டியாக்குவது?

ஆக முதல் வண்டிக்கு 25×25×1.6 சாதா இரும்பு ஸ்பேஸ் ஃபிரேம். குட்டையாக, சுமை அதிகமாக இருக்கும் இடங்களில் மட்டும் 2 மி.மீ. சுவர். விறைப்பு வேண்டுமென்றால் குறுக்குக் குழாய்களில் செலவழியுங்கள். நான்கு கால் பந்தலில் குறுக்குக் கம்பு கட்டாவிட்டால் காற்றுக்குச் சாய்வது போலத்தான் மூலைவிட்டம் இல்லாத கட்டமும். எஞ்சின் அறையின் மேல்பக்கத்தைத்தான் பலர் திறந்தே விடுகிறார்கள், எஞ்சினை ஏற்றி இறக்க வசதி என்று. அங்கே போல்ட்டில் கழற்றும் குறுக்குக் குழாய் ஒன்று போட்டால் கிடைக்கும் லாபம், முழுச் சேஸிஸையும் குரோமோலிக்கு மாற்றினாலும் கிடைக்காது. தளத்துக்கும், நடுவில் கியர்பாக்ஸை மூடும் டன்னலுக்கும் தகட்டை வெல்டு செய்தோ பசையும் ரிவெட்டுமாகவோ முழுமையாகப் பிடித்தால் அதுவே ஆயிரம் மூலைவிட்டத்துக்குச் சமம். இரும்பின் மேல் அலுமினியத் தகடு என்றால் நடுவே பாலியூரித்தேன் சீலன்ட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையான விஷ்போனின் பிராக்கெட்டுகள் மூட்டின்மேலேயே இருக்க வேண்டும். குழாயின் நடுவில் வைத்தால் அங்கே குழாய் வளையும். சதுரக் குழாயைத் துளைத்து போல்ட் போடும் இடங்களில் உள்ளே ஒரு உருளைக் குழாயை நிறுத்தி வெல்டு செய்யாவிட்டால், இறுக்கும்போது சுவர்கள் அமுங்கி, பிறகு போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். சீட் பெல்ட் பிடிமானத்துக்கு 7/16 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) மரை, கீழே 3 மி.மீ. தட்டு.

வண்டி பூட்டும் முன் முறுக்குச் சோதனை செய்துவிடலாம். பின்பக்க சஸ்பென்ஷன் புள்ளிகளை அசையாமல் பிடித்து, முன்பக்கத்தை நடுவில் ஒரு முனைமேல் நிறுத்தி, அங்கே குறுக்கே கட்டிய கம்பத்தின் ஒரு மீட்டர் தூரத்தில் 50 கிலோ தொங்கவிடுங்கள். முறுக்கு 490 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் டயல் கேஜ் 2.6 மி.மீ. காட்டினால் முறுக்கம் 0.3 டிகிரி, விறைப்பு டிகிரிக்கு 1,600 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். சக்கரத்தில் அளந்த 20 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் விறைப்பும் 1.3 மீட்டர் சக்கர இடைவெளியும் உள்ள வண்டியில் ஒரு ஆக்சிலின் சாய்வு விறைப்பு டிகிரிக்கு 295 அளவு. சேஸிஸ் அதைப்போல ஐந்து மடங்கு தாண்டுகிறது, தெருவண்டிக்குப் போதும். குறைந்தால் மூலைவிட்டங்களை டேக் வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எது பலன் தருகிறது என்று எண் சொல்லும்.

பிரிட்டனில் 2009 முதல் தனி வண்டிகள் ஐவிஏ எனும் தனிவண்டி ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பரிசோதகர் முறுக்கு விறைப்பை அளப்பதில்லை, ஆனால் பெல்ட் பிடிமானங்களைப் பார்ப்பார், ஆள் மோதக்கூடிய விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். இந்தியாவில் வண்டி மாதிரிகள் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன் சோதனை வழியாகவே சாலைக்கு வருகின்றன. அது உற்பத்தியாளருக்கு ஏற்ற பாதை. இங்கே வீட்டில் கட்டுபவர் பந்தயத் தடத்தை மனதில் வைத்து வரைவதே நடைமுறை.

கடைசியாகப் பெயின்ட். கறுப்பு பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, விரிசலை மறைத்துவிடும். மெல்லிய படலமாக வெளிர்சாம்பல் அடித்தால் விரிசல் விட்ட இடத்தில் துருக்கோடு முடியிழைபோல எழுந்து தெரியும். முதல் 500 கிலோமீட்டர் ஓட்டியதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை: கீழ் விஷ்போன் பிராக்கெட்டின் வெல்டு முடியும் ஓரம், டிஃபரன்ஷியல் பிடிமானம், ஸ்டீயரிங் ரேக் பிராக்கெட். கோடு தெரிந்தால் அதன்மேலேயே இன்னொரு வெல்டு போடாதீர்கள். விரிசலை முழுவதும் கிரைண்டரில் திறந்து, அடிவரை வெல்டு நிரப்பி, சுமையைப் பக்கத்துக் குழாய்க்கும் பகிர்ந்து கொடுக்கும்படி 3 மி.மீ. முக்கோணத் தட்டு ஒன்றைச் சேர்த்து வையுங்கள்.